பாரிஸ் நகரில் கட்டுப்படியான சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வெளியான பாரிஸ் பயணக் குறிப்பைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர் கோபுரத்தையும் அருங்காட்சியகத்தையும் விட்டுவிட்டு வயிற்றைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அந்நகரில் பதினோரு ஆண்டுகள் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவன் என்ற முறையில், இந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: செப்டம்பர் மாதம் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஆறு நாள் பாரிசில் தங்கப்போகிறோம். சென்ற ஆண்டு போய்வந்த குடும்ப நண்பர் ஒருவர், ஒரு ரொட்டித் துண்டுக்கும் காப்பிக்கும் ஆளுக்கு 20 ஈரோ கொடுத்ததாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார். புளியோதரைப் பொடியும் உப்புமா பொட்டலங்களும் எடுத்துச் செல்வதுதான் வழியா? — *கோயம்புத்தூர் வாசகி*

பதில்: பொட்டலங்களைச் சுமக்க வேண்டாம், அம்மா. உங்கள் நண்பர் கொடுத்த தொகையில் பெரும்பகுதி, கோபுரம் கண்ணில் படுமாறு போட்டிருந்த நாற்காலிக்கான வாடகை. அதே காப்பியை உட்புறத் தெரு ஒன்றில், கடையின் மேடையருகே நின்றபடி குடித்திருந்தால் ஒன்றரை ஈரோவுக்குள் முடிந்திருக்கும். பல கடைகளில் நின்று குடிப்பதற்கு ஒரு விலை, அமர்ந்து குடிப்பதற்கு வேறு விலை என்று பலகையிலேயே எழுதியிருப்பார்கள்.

இடத்தைவிட முக்கியம் நேரம். பாரிசில் ஒரே சமையற்கூடம் நண்பகலில் ஒரு விலைக்கும் இரவில் அதைவிடக் கணிசமான விலைக்கும் விற்கிறது. காரணம், நண்பகலில் அங்கே வருபவர்கள் சுற்றுவட்டாரத்து அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்க்கிறவர்கள். அவர்களிடம் நிறுவனம் பாதிக்குக் குறையாமல் பங்களித்துத் தரும் உணவுச் சீட்டு இருக்கிறது. முன்பு தாளாக இருந்த அது இப்போது பெரும்பாலும் அட்டையாகிவிட்டது. ஒரு நாளைக்கு 25 ஈரோ வரைதான் அதில் செலவழிக்க முடியும். தினமும் வருகிற அந்த வாடிக்கையாளர், சாப்பாடு ஒருநாள் மோசமாக இருந்தால் மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். எனவே அவருக்கென்று, முன்னுணவும் முதன்மை உணவும், அல்லது முதன்மை உணவும் இனிப்பும், ஒரே விலையில் தருகிற ‘ஃபோர்முல்’ என்ற ஏற்பாட்டைப் பெரும்பாலான கடைகள் வைத்திருக்கின்றன. வாசலில் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருப்பது அதுதான். சாதாரணக் கடைகளில் அது 15 முதல் 20 ஈரோவுக்குள் அமையும். ஒரே தட்டு போதும் என்றால், அன்றைய சிறப்பு உணவு என்று பொருள்படும் ‘ப்ளா த்யு ஜூர்’ இன்னும் குறைவு.

ஆகவே உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: நாளின் பெரிய சாப்பாட்டை நண்பகலில் கடையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள், இரவை ரொட்டிக்கடையிடமும் சந்தையிடமும் ஒப்படையுங்கள். பன்னிரண்டே காலுக்குள் போய்விட வேண்டும். ஒரு மணிக்கு இடம் கிடைக்காது, இரண்டரை மணிக்குச் சமையற்கூடத்தையே மூடிவிடுவார்கள். மூன்று மணிக்குப் பசியோடு தெருவில் நிற்கும் குடும்பம்தான் அகப்பட்ட கடையில் நுழைந்து அதிகம் கொடுக்கிறது.

ரொட்டிக்கடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மாவைப் பிசைவது முதல் சுடுவது வரை விற்கும் இடத்திலேயே செய்பவர் மட்டுமே ‘பூலான்ஜ்ரி’ என்று பெயர்ப்பலகை மாட்டலாம் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீள ரொட்டியை வெறுமனே ‘பகெத்’ என்று கேட்காமல் ‘த்ரதிஸியோன்’ என்று கேளுங்கள். 1993ஆம் ஆண்டு அரசாணைப்படி அதற்கான மாவை எந்தக் கட்டத்திலும் உறைநிலையில் வைக்கக் கூடாது, செயற்கைச் சேர்மானமும் கூடாது. ஏறத்தாழ ஒன்றரை ஈரோவுக்கு இப்படியொரு ரொட்டி வேறு எந்தப் பெருநகரத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு வாரச் சந்தையில் சுழல்கம்பியில் சுடப்படும் முழுக்கோழி ஒன்றும், அதன் கொழுப்பு சொட்டிச் சொட்டி வெந்த உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டால், நால்வரும் சேன் நதிக்கரையில் அமர்ந்து வயிறாரச் சாப்பிடலாம். பிள்ளைகள் பிற்காலத்தில் நினைத்துப் பார்ப்பதும் அந்தச் சாப்பாடாகத்தான் இருக்கும் என்று என் பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: தெருவுக்குத் தெரு உணவகம் இருக்கும் ஊரில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது? கைப்பேசியில் வரும் நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா? — *சென்னை வாசகர்*

பதில்: மதிப்பீடுகளை ஓரளவு நம்பலாம், ஆனால் அவற்றை எழுதியவர்களில் பலர் நம்மைப் போலவே இரண்டு நாள் வந்துபோனவர்கள். பிரெஞ்சு மொழியில் எழுதியிருக்கும் குறிப்புகளை மட்டும் மொழிபெயர்த்துப் படித்தால் உண்மை நிலவரம் ஓரளவு புலப்படும்.

நான் கண்ணை நம்புகிறவன். விலைப்பட்டியலை வாசலில் வைப்பது அங்கே சட்டப்படி கட்டாயம் என்பதால், உள்ளே நுழையாமலே எல்லாவற்றையும் படித்துவிடலாம். பட்டியல் குறுகியதாக இருந்தால், அதாவது முன்னுணவு நான்கு, முதன்மை உணவு நான்கு, இனிப்பு நான்கு என்ற அளவில் கையால் எழுதியிருந்தால், சமைப்பவர் அன்று காலை சந்தையில் வாங்கியதைச் சமைக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆறு மொழிகளில் அச்சிட்டு, ஒவ்வோர் உணவுக்கும் வண்ணப்படம் போட்டு, வெங்காய சூப்பிலிருந்து பீட்சா வரை அறுபது வகை இருந்தால், அவற்றில் பெரும்பகுதி உறைபெட்டியிலிருந்து வருவதாகவே இருக்கும். வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கிற கடைக்குள் நுழைய வேண்டாம். லத்தீன் வட்டாரத்தில் ‘ஊய்ஷெத்’ தெருவில் நடந்தால் நான் சொல்வது விளங்கும்.

கூரை வடிவ மூடியோடு ஒரு சட்டியின் படம் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஃபே மேஸோன்’, அதாவது அந்த இடத்திலேயே பச்சைப் பொருளிலிருந்து சமைத்தது என்பதற்கு 2014ஆம் ஆண்டு அரசு வகுத்த அடையாளம் அது. அது இல்லாத நல்ல கடைகளும் உண்டு.

கேள்வி: ‘பூயோன்’ என்று ஒருவகை உணவகத்தை ஒரு வரியில் குறிப்பிட்டுக் கடந்துவிட்டீர்கள். அது என்ன? இன்றும் போகத் தகுந்ததா? — *மதுரை வாசகர்*

பதில்: அந்த ஒரு வரிக்காக நானே வருந்துகிறேன், இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி.

‘பூயோன்’ என்றால் இறைச்சியை வேகவைத்த சாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிசின் பெரிய மொத்தச் சந்தை நகரின் நடுப்பகுதியில், ‘லே ஆல்’ என்ற இடத்தில் இருந்தது. துய்வால் என்ற இறைச்சி வியாபாரி, மேட்டுக்குடியினர் வாங்காத துண்டங்களை நீண்ட நேரம் வேகவைத்து, அந்த இறைச்சியையும் சாற்றையும் சந்தைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் சூடாகக் கொடுக்கத் தொடங்கினார். சுத்தமான மேசை, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அறிவித்த விலை, சிறிய அளவு, விரைவான பரிமாறல் ஆகியவை அதன் இலக்கணம். நம் ஊரில் வேலைக்கு வந்தவர்களுக்காகவே ஏற்பட்ட மெஸ்களை நினைத்துக்கொண்டால் அதன் இயல்பு விளங்கிவிடும். நகரமெங்கும் பரவிய இவ்வகை, இருபதாம் நூற்றாண்டில் மெல்ல அருகியது. அந்தச் சந்தையும் 1969இல் நகருக்கு வெளியே ருன்ஜிஸ் என்ற ஊருக்கு மாற்றப்பட்டுவிட்டது.

எஞ்சியவற்றில் புகழ்பெற்றது, ஒன்பதாம் வட்டாரத்தில் ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில், ஒரு முற்றத்துக்குள் ஒளிந்திருக்கும் ‘பூயோன் ஷார்த்தியே’. ஷார்த்தியே சகோதரர்கள் 1896இல் தொடங்கியது. உயர்ந்த கண்ணாடிக் கூரை, பித்தளைக் கம்பி போட்ட பெட்டித்தட்டுகள், பெரிய நிலைக்கண்ணாடிகள் என்று அதன் கூடமே பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்நாளைய வாடிக்கையாளர்கள் சாப்பிடும்போது கைதுடைக்கும் தங்கள் துணியை வைத்துவிட்டுப் போவதற்கு இருந்த எண்ணிட்ட சிறு இழுப்பறைகள் இன்றும் சுவரில் இருக்கின்றன. முன்பதிவு கிடையாது, வரிசையில்தான் நிற்க வேண்டும். தனியாகவோ இருவராகவோ போனால், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். கறுப்பு மேற்சட்டையும் வெள்ளை முன்துணியும் அணிந்த பரிமாறுபவர், நாம் கேட்டதை மேசைமேல் விரித்திருக்கும் தாளிலேயே எழுதி, முடிவில் அதே தாளில் கூட்டிக் கணக்குச் சொல்வார்.

சமையல் எப்படி என்று கேட்பீர்கள். மிக நுட்பமான சமையல் என்று சொல்ல மாட்டேன், நேர்மையான சமையல். வேகவைத்த முட்டைமேல் கெட்டியான மயோனெஸ், எண்ணெயும் காடியும் சேர்த்த லீக்ஸ் தண்டு, துருவிய காரட், மதுவில் ஊறி வெந்த மாட்டிறைச்சி, பொரித்த கோழிக்காலோடு உருளைக்கிழங்கு, கடைசியில் கிரீம் நிரப்பிய இனிப்பு உருண்டை. மூன்று சுற்றும் சாப்பிட்டு, ஆளுக்கு 20 ஈரோவை ஒட்டி எழுந்து வர முடிகிற இடம் அந்நகரில் இரவு வேளையில் அரிது; அதனால்தான் பகற்சாப்பாட்டையே வற்புறுத்தும் நான், இரவுக்கு இதை விதிவிலக்காகச் சொல்கிறேன்.

2017இல் பிகால் வட்டாரத்திலும் 2021இல் ரெப்புப்ளிக் சதுக்கத்தருகிலும் புதிய பூயோன்கள் திறக்கப்பட்டு, இளைஞர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றபோது, ஒரு பழைய நல்ல ஏற்பாடு மீண்டும் உயிர்பெறுவதைக் கண்டு மனம் நிறைந்தேன். நண்பகல் முதல் நள்ளிரவு வரை இடைவெளியின்றி நடப்பவை என்பதால், மற்ற கடைகள் மூடியிருக்கும் மாலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ போனால் அதிகம் காத்திருக்க வேண்டியிராது.

கேள்வி: தண்ணீருக்கும் காசு, பரிமாறுபவருக்குத் தனிக் காசு என்கிறார்களே? — *திண்டுக்கல் வாசகி*

பதில்: இரண்டும் தேவையில்லை. முதல் மாதத்தில் ஒரு பெரிய தேவாலயத்தின் அருகே இருந்த கடையில் நான் ‘தண்ணீர்’ என்று மட்டும் கேட்டேன். மூடியைத் திருகி ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார்கள். கணக்கில் அது என் சூப்பின் விலையில் பாதியாக வந்து நின்றது. கேட்க வேண்டிய சொல் ‘யுன் கராஃப் தோ, சில் வூ ப்ளே’ என்பதாகும். குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட வந்தவருக்கு ரொட்டியும் இந்தத் தண்ணீரும் இலவசம். தண்ணீர் இலவசமாகக் கேட்கலாம் என்பதைப் பட்டியலிலோ அறிவிப்பிலோ குறிப்பிட வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் சட்டமும் இருக்கிறது. தெருவில் தாகம் எடுத்தால், 1872 முதல் நிறுவப்பட்ட பச்சை நிற வாலஸ் நீரூற்றுகளில் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பரிமாறும் கட்டணமும் வரியும் அச்சிட்ட விலைக்குள் அடங்கியவை. மனநிறைவாக இருந்தால் சில்லறையை மேசைமேல் விட்டுவரலாம். விடாவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் உள்ளே நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்ல மறந்தால் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காசு ஆகாது என்பதால் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் முழுச் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. ஆறு நாளும் பழமும் ரொட்டியும்தானா? — *கும்பகோணம் வாசகர்*

பதில்: முட்டையும் இல்லை என்பதால் பிரெஞ்சுக் கடைகளில் உங்களுக்கு வாய்ப்பு குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சைவம்போல் தோன்றும் பலவற்றில் இறைச்சி மறைந்திருக்கும்: வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாற்றில் செய்யப்படுவது, நீஸ் நகரத்துச் சாலடில் மீன் உண்டு, குஸ்குஸுக்கு ஊற்றும் காய்கறிக் குழம்பு பல கடைகளில் ஆட்டிறைச்சியோடு சேர்ந்தே வேகும். கோந்த்தே, ரோக்ஃபோர் முதலிய பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளை உறையவைப்பது கன்று போன்ற இளம் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இதை அறிந்த பிறகு சாப்பிடுவதும் தவிர்ப்பதும் உங்கள் முடிவு. வெண்ணெயடுக்கு க்ருவாசானிலும், பளபளப்புக்காக மேலே முட்டை தடவியிருப்பார்கள்.

இனி நல்ல செய்தி. நான்காம் வட்டாரத்தில் ரோஸியே தெருவில் உள்ள யூதர் கடைகளில், கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்த ஃபலாஃபெல், வறுத்த கத்தரிக்காய், முட்டைக்கோஸ், எள் விழுது எல்லாம் அடைத்த பிட்டா ரொட்டி கிடைக்கும். நம் மசால்வடையை விரும்புகிறவர் எவரும் அதை விரும்புவர்; ஒன்று தின்றால் மாலை வரை பசிக்காது. வெள்ளி மாலை முதல் சனிக்கிழமை மாலை வரை ஓய்வுநாள் என்பதால் அந்தக் கடைகள் மூடியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் வட்டாரத்தில், 1975க்குப் பின் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஷுவாஸி, இவ்ரி நிழற்சாலைகளில் நூடுல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ‘சாய்’ என்று எழுதியிருந்தால் அது வியட்நாமிய மொழியில் சைவம். மோன்பர்னாஸ் தெருவில், தோசைபோல் மெல்லியதாக வார்க்கும் ‘கிரேப்’ விற்கும் கடைகளும் மலிவானவை. பிரத்தாஞ் மாநிலத்திலிருந்து வரும் ரயில் அங்கேதான் நிற்கும் என்பதால், அம்மாநிலத்தவர் தொடங்கியவை அவை. ஆனால் மாவில் முட்டை சேர்ப்பது உண்டு, கேட்டுவிட்டே உட்காருங்கள்.

உப்பும் புளியும் காரமும் வேண்டும் என்று நாக்கு கேட்கும் நாளில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்குப் போங்கள். அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: எனது மகன் பாரிஸ் புறநகரில் இருக்கிறார். முதன்முறையாகப் போகிறேன். லா சப்பல் கடைகள் பழையபடி உள்ளனவா? எம்முடைய ஆட்கள் மட்டும்தான் அங்கு சாப்பிடுகிறார்களா? — *யாழ்ப்பாண வாசகர்*

பதில்: மகனோடு போகும் முதல் ஞாயிற்றுக்கிழமையை அங்கேயே கழியுங்கள், ஐயா. வடக்கு ரயில் நிலையத்தின் பின்புறம், பாரிசின் பத்தாம் வட்டாரத்தில், ஃபோபூர் சேன்-துனி தெருவின் மேற்பகுதியும் கைல் தெருவும் 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களின் உழைப்பால் உருவானவை. சோறு கறி, இடியப்பம் சொதி, தோசை, கொத்து ரொட்டி, மரக்கறி ரோல்ஸ் என்று தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொடர்ந்து வரும். பிரெஞ்சுக் கடையில் ஒரு தட்டுக்கு ஆகும் செலவில் இங்கே முழுச் சாப்பாடு சாப்பிடலாம். கையில் எடுத்துச் செல்லும் ரோல்ஸும் வடையும் சில்லறையில் முடிந்துவிடும்.

தமிழர் மட்டும் சாப்பிடுகிறார்களா என்று கேட்டீர்கள். பக்கத்து அலுவலகங்களிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர்கள் கையால் தோசை பிய்த்துச் சாப்பிடுவதை நண்பகலில் காணலாம். மொழி தெரியாமல் வந்து, பிறர் கடைகளில் இரவெல்லாம் பாத்திரம் கழுவி, சிறிது சிறிதாகச் சேர்த்து, இன்று அந்நகர மக்களுக்கே கட்டுப்படியான விலையில் உணவளிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. 1985இல் தொடங்கப்பட்டு இப்போது பசோல் தெருவில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயம் நடந்து போகும் தூரம்தான். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தேர்த் திருவிழா நடக்கும்போது, அந்தத் தெருக்களில் மோரும் சர்பத்தும் சோறும் எல்லோருக்கும் வழங்குவார்கள்.

கேள்வி: முதுகலை படிக்கப் போகிறேன். மாதம் முழுவதும் கடையில் சாப்பிட முடியுமா? — *திருச்சி மாணவர்*

பதில்: கடையில் முடியாது, ‘க்ரூஸ்’ எனப்படும் மாணவர் நல அமைப்பின் உணவகங்களில் முடியும். மாணவர் அட்டை கிடைத்த நாளிலேயே அதற்கான கணக்கைத் தொடங்குங்கள். முன்னுணவு, சூடான தட்டு, இனிப்பு அல்லது பழம் அடங்கிய முழு உணவு 2026 மே முதல் எல்லா மாணவருக்கும் 1 ஈரோதான்; அதற்கு முன் 3.30 ஈரோவாகவும், அரசு உதவித்தொகை பெறுவோருக்கு 2020 முதல் 1 ஈரோவாகவும் இருந்தது. நாட்டுக்காரர், அயல்நாட்டவர் என்ற வேறுபாடு இல்லை. இரவுக்கு, விற்காமல் மிஞ்சியதைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் ‘டூ குட் டு கோ’ செயலியில் பக்கத்து ரொட்டிக்கடையைத் தேடுங்கள். கடை மூடும் நேரத்தில் ஒரு பை நிறையக் கிடைக்கும். அரிசியும் பருப்பும் லா சப்பலில் வாங்கிச் சமைக்கக் கற்றுக்கொண்டு போவது இன்னும் நல்லது.

கேள்வி: ஆகஸ்ட் நடுவில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குகிறோம். எல்லாம் மூடியிருக்கும் என்கிறார்களே, உண்மையா? — *ஈரோடு வாசகர்*

பதில்: பாதி உண்மை. ஆகஸ்டில் நகரத்தார் விடுமுறைக்குப் போய்விடுவதால், குடும்பமாக நடத்தும் சிறிய கடைகள் பல மூன்று, நான்கு வாரம் கதவடைக்கின்றன. ஆண்டு முழுவதும் ஞாயிறும் திங்களும் மூடுகிறவையும் உண்டு. ஆகவே ஒரு குறிப்பிட்ட கடையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இறங்கிய நாள் காலை பன்னிரண்டாம் வட்டாரத்தின் அலிக்ர் சந்தைக்குச் செல்லுங்கள். திங்கள் தவிர எல்லா நாளும் காலையில் நடக்கும் அதில், பகல் ஒரு மணிக்குக் கடை எடுத்துவைக்கும் வேளையில் பழங்களைக் கூவிக் கூவிப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். பிற்பகலில் ஷார்த்தியே திறந்திருக்கும், லா சப்பல் திறந்திருக்கும், பதின்மூன்றாம் வட்டாரத்து நூடுல்ஸ் கடைகளில் பெரும்பாலானவை திறந்திருக்கும். திங்கட்கிழமை காலைக்கு வேண்டிய ரொட்டியை ஞாயிறு பகலுக்குள் வாங்கிவிடுங்கள். உங்கள் விடுதிக்கு அருகிலுள்ள ரொட்டிக்கடை மூடியிருந்தால், அடுத்து எந்தக் கடை திறந்திருக்கிறது என்று அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.